தளம் முடக்கப்பட்டது என்றால், எந்த இடத்தில் முடக்கப்பட்டது? இணையத் தடையும் அந்தரங்கமும்: ஓர் எளிய விளக்கம்

“அந்த சைட்டை கவர்ன்மென்ட் பிளாக் பண்ணிட்டாங்க” என்று ஒருவர் சொல்வார். “வி.பி.என். போட்டா திறந்துடும்” என்று இன்னொருவர் பதில் சொல்வார். (வி.பி.என். என்பது உங்கள் இணைப்பை மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் வழி, விவரம் பின்னால் வரும்.) பேச்சு அதோடு முடிந்துவிடும். இருவர் சொன்னதும் பாதிதான் சரி. அரசிடம் ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் தளம் அணைந்துவிடும் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படிப்பட்ட பொத்தான் கிடையாது. உங்கள் கைப்பேசிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே நான்கைந்து இடங்கள் இருக்கின்றன. அவற்றில் எங்கே கை வைத்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எது நின்றது, சம்பந்தமில்லாத யாரெல்லாம் சேர்ந்து பாதிக்கப்பட்டார்கள், வி.பி.என். உதவுமா உதவாதா என்பதெல்லாம் முடிவாகும்.

தணிக்கையை ஒரு விவகாரமாகவும் அந்தரங்கத்தை வேறொரு விவகாரமாகவும் பேசுவது இன்னொரு பெரிய குழப்பம். கருத்துரிமைக் கூட்டத்தில் ஒன்றைப் பேசுகிறோம், ஆதார் விவாதத்தில் மற்றொன்றை. கம்பிக்குள் பார்த்தால் இரண்டும் ஒரே வேலை. ஒன்றைத் தடுக்க வேண்டுமானால், அது கடந்து போவதை முதலில் பார்த்தாக வேண்டும். உங்கள் இணைப்பில் எதைப் பார்க்க முடிகிறதோ அதை மட்டுமே தடுக்க முடியும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்றவை எல்லாம் தாமாகவே விளங்கும்.

## உறைக்கு வெளியே தெரிவது எவ்வளவு?

நூறு வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஒருவருக்கு நீங்கள் கடிதம் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயர் தெரியும், முகவரி தெரியாது. முதலில் யாரிடமாவது முகவரியை விசாரிக்க வேண்டும். பிறகு உறையின் மேல் குடியிருப்பின் முகவரியை எழுத வேண்டும். அங்கே நூறு பேர் இருப்பதால் யாருக்கு என்று பெயரையும் எழுத வேண்டும். கடிதத்தை உள்ளே வைத்து ஒட்டிவிடுகிறீர்கள். தபால்காரரால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. ஆனால் முகவரியும் பெயரும் அவருக்குத் தெரியும். நீங்கள் எந்த நாளில் எவ்வளவு கனமான உறை அனுப்பினீர்கள் என்பதும் தெரியும்.

இணையத்திலும் இதே வரிசைதான். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திறக்கிறீர்கள். உங்கள் கருவிக்குத் தளத்தின் பெயர்தான் தெரியும். கணினிகள் ஒன்றையொன்று எண்களால்தான் அடையாளம் காண்கின்றன. இணையத்தில் ஒரு கணினிக்குள்ள எண்ணே ஐ.பி. முகவரி, குடியிருப்பின் முகவரி அதுதான். பெயரைக் கொடுத்தால் ஐ.பி. முகவரியைச் சொல்லும் ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர், முகவரி விசாரிப்பது இதனிடம்தான். பிறகு உங்கள் பிரவுசர் அந்த முகவரியுடன் பேசத் தொடங்குகிறது. தபால்காரர் இடத்தில் இருப்பது உங்களுக்கு இணைப்புத் தரும் நிறுவனம்: ஜியோ, ஏர்டெல், பி.எஸ்.என்.எல். போன்றவை. இனி இதைச் சேவை நிறுவனம் என்றே சொல்கிறேன்.

உறையை ஒட்டும் வேலையைச் செய்வது எச்.டி.டி.பி.எஸ். தளத்துக்கும் உங்களுக்கும் இடையே போவதை, நடுவில் இருப்பவர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கி அனுப்பும் முறை இது. இன்று ஏறக்குறைய எல்லாப் பெரிய தளங்களும் இதில்தான் இயங்குகின்றன. எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், எதைத் தேடினீர்கள், என்ன கடவுச்சொல் அடித்தீர்கள் என்பதெல்லாம் உறைக்குள்ளே போய்விடும்.

பெயர் மட்டும் வெளியே நிற்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே ஐ.பி. முகவரியில் ஆயிரக்கணக்கான தளங்கள் குடியிருப்பது இப்போது சாதாரணம். இணைப்பைத் தொடங்கும் முதல் செய்தியிலேயே “எனக்கு இன்ன தளம் வேண்டும்” என்று சொன்னால்தான் அந்தக் கணினி சரியான தளத்தின் சான்றிதழை, அதாவது இது அந்தத் தளம்தான் என்று நிரூபிக்கும் டிஜிட்டல் சான்றை, எடுத்து நீட்டும். மறைகுறியாக்கம் முழுமையாகத் தொடங்குவதற்கு முன்னால் இது போவதால், தளத்தின் பெயர் பெரும்பாலும் திறந்த எழுத்தில் போகிறது. இந்தப் பகுதிக்கு எஸ்.என்.ஐ. என்று பெயர். உறையின் மேல் எழுதிய ஆள் பெயர் இதுதான்.

சுருக்கமாக: சேவை நிறுவனத்துக்கு உங்கள் டி.என்.எஸ். கேள்வி, ஐ.பி. முகவரி, எஸ்.என்.ஐ. பெயர், நேரம், அளவு ஆகியவை தெரியும். பக்கமும் உள்ளடக்கமும் தெரியாது. தடை போடக்கூடிய இடங்களும் இவைதான்.

## முதல் இடம்: முகவரி விசாரிக்கும் இடம்

மிக மலிவான தடை டி.என்.எஸ். தடை. நீங்கள் எதையும் மாற்றாதவரை உங்கள் கைப்பேசி சேவை நிறுவனத்தின் டி.என்.எஸ். சர்வரிடம்தான் முகவரி கேட்கும். அந்த சர்வரில் ஒரு பட்டியலை ஏற்றிவிட்டால் போதும். பட்டியலில் உள்ள பெயரைக் கேட்டால் “அப்படி ஒரு தளமே இல்லை” என்று பதில் வரும், அல்லது பொய்யான ஒரு முகவரி வரும். தளம் எங்கும் போகவில்லை. விசாரித்த இடத்தில் தவறாகச் சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான்.

மலிவானது என்பதால் எளிதில் உடைவதும் இதுதான். வேறொரு டி.என்.எஸ். சர்வரிடம் கேட்டால் சரியான பதில் கிடைத்துவிடும். 2014 மார்ச் 20 இரவு துருக்கியில் ட்விட்டரைத் தடுத்தபோது முதலில் இந்த வழியைத்தான் கையாண்டார்கள். கூகுளின் பொது டி.என்.எஸ். சர்வரின் எண்ணான 8.8.8.8-ஐ இஸ்தான்புல்லில் மக்கள் சுவர்களில் பெயிண்டால் எழுதி வைத்தார்கள். ஓரிரு நாளில் ட்விட்டரின் ஐ.பி. முகவரிகளும் தடுக்கப்பட்டன. மாத இறுதியில், துருக்கியின் சேவை நிறுவனங்கள் தன் டி.என்.எஸ். சர்வரைப் போலவே நடிக்கும் சர்வர்களை வைத்திருக்கின்றன என்று கூகுள் அறிவித்தது. மக்கள் 8.8.8.8-இடம் கேட்டார்கள், பதில் சொன்னது வேறொருவர்.

பழைய டி.என்.எஸ். கேள்விகள் மறைகுறியாக்கம் இல்லாமல் போவதால்தான் இது நடந்தது. கேள்வியை நடுவில் பார்க்க முடியும். பார்க்க முடிந்தால் பதிலையும் மாற்ற முடியும். எனவே இப்போது எண்ணை மட்டும் மாற்றினால் போதாது, மறைகுறியாக்கிய டி.என்.எஸ். வேண்டும். ஆண்ட்ராய்டு 9-லிருந்து அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குள் ‘பிரைவேட் டி.என்.எஸ்.’ இருக்கிறது. அங்கே 8.8.8.8 என்று எண்ணை இட்டால் ஏற்காது. சர்வரின் பெயரைத்தான் கேட்கும், டிஎன்எஸ்.கூகுள் என்பதை ஆங்கில எழுத்தில் இட்டால் ஏற்றுக்கொள்ளும். பலர் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு “என் போனில் வரவில்லை” என்று விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

இதைச் செய்தால் நீங்கள் விசாரிக்கும் பெயர்களின் பட்டியல் உங்கள் சேவை நிறுவனத்துக்குப் போகாமல் கூகுளுக்கோ, நீங்கள் தேர்ந்தெடுத்த வேறு நிறுவனத்துக்கோ போகும். பார்க்கும் கண் இடம் மாறியிருக்கிறது. கண்ணே இல்லாமல் போய்விடவில்லை.

## இரண்டாவது இடம்: குடியிருப்பின் முகவரி

ஐ.பி. முகவரியையே தடுப்பது அடுத்த வழி. அந்த எண்ணுக்குப் போகும் எதையும் சேவை நிறுவனம் கீழே போட்டுவிடும். டி.என்.எஸ். மாற்றினாலும் பயனில்லை. ஆனால் ஒரு வீட்டுக்காரருக்காக நூறு வீடுகளின் தபாலையும் நிறுத்துவது போன்றது இது. பல தளங்களைத் தன் முகவரிகள் வழியாகக் கொடுக்கும் கிளவுட்ஃபிளேர் போன்ற நிறுவனங்களின் ஒரு முகவரியைத் தடுத்தால், அதே முகவரியில் இருக்கும் பள்ளிக்கூடத் தளமும் கடைத் தளமும் சேர்ந்து நிற்கும். அவர்களுக்கு ஏன் நின்றது என்று சொல்லவும் ஆள் இருக்காது.

முகவரித் தடை கைமீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2008 பிப்ரவரி 24-இல் நடந்ததை விடத் தெளிவான பாடம் கிடையாது. யூடியூபைத் தடுக்கும்படி பாகிஸ்தான் அரசு உத்தரவிட்டது. இணையத்தில் ஒவ்வொரு பெரிய நிறுவனமும் “இந்த முகவரிகளுக்குப் போக என் வழியாக வாருங்கள்” என்று அண்டை நிறுவனங்களுக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். உலகம் முழுவதும் தரவு வழி கண்டுபிடித்துப் போவது இந்த அறிவிப்புகளை நம்பித்தான். யூடியூப் தன் 1024 முகவரிகளை ஒரே தொகுப்பாக அறிவித்திருந்தது. பாகிஸ்தான் டெலிகாம், அதற்குள் அடங்கிய 256 முகவரிகளுக்குத் தானே வழி என்று நாட்டுக்குள் அறிவித்தது. வந்து சேர்வதைக் கீழே போட்டுவிடுவது திட்டம். அந்த அறிவிப்பு ஹாங்காங்கின் பி.சி.சி.டபிள்யூ. நிறுவனம் வழியாக வெளியே கசிந்தது. இரண்டு அறிவிப்புகள் மோதினால், சிறிய தொகுப்பைக் குறிக்கும் அறிவிப்பையே கணினிகள் நம்பும். குறிப்பாகச் சொல்வதே துல்லியம் என்பது விதி. சில நிமிடங்களில் உலகின் பெரும்பகுதி யூடியூபைத் தேடிக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போனது. நிலைமை சீராவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எந்தத் தாக்குதலும் இல்லை. ஒரு நாட்டுக்குள் போட்ட தடை எல்லை தாண்டிய கதை, அவ்வளவுதான்.

## மூன்றாவது இடம்: உறை மேல் எழுதிய பெயர்

எஸ்.என்.ஐ. தடை இவற்றைவிட நுணுக்கமானது. சேவை நிறுவனம் ஒவ்வொரு இணைப்பின் முதல் செய்தியையும் ஒரு கருவி வழியாக விட்டுப் பார்க்கிறது. பெயர் பட்டியலில் இருந்தால், இரு பக்கத்துக்கும் “இணைப்பை முறித்துக்கொள்” என்ற செய்தியைப் போலியாக அனுப்புகிறது. அதே முகவரியில் உள்ள மற்ற தளங்களுக்குப் பாதிப்பில்லை. தடை போடுபவர்களுக்கு இது பிடித்துப்போனதற்கு அதுவே காரணம். ஆனால் இதற்குக் கொடுக்கும் விலையைக் கவனியுங்கள். சிலரை நிறுத்துவதற்காக எல்லோருடைய உறையின் மேல்பக்கத்தையும் படித்தாக வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் இது நடப்பதைப் பெங்களூருவைச் சேர்ந்த இணையம் மற்றும் சமூகத்துக்கான மையத்தின் ஆய்வாளர்கள் 2019-20 வாக்கில் சோதித்து வெளியிட்டார்கள். ஜியோ எஸ்.என்.ஐ.-ஐப் பார்த்துத் தடுப்பது அதில் தெரியவந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று: சேவை நிறுவனங்கள் ஒரே மாதிரி தடுக்கவில்லை, ஒரே பட்டியலையும் தடுக்கவில்லை. ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின் கீழ், உங்கள் சிம்மில் திறக்காத தளம் பக்கத்து வீட்டு பிராட்பேண்டில் திறந்தது. “எனக்கு வருதே, உனக்கு ஏன் வரல?” என்ற வாக்குவாதத்தின் வேர் இதுதான்.

முன்பெல்லாம் “தொலைத்தொடர்புத் துறையின் அறிவுறுத்தலின்படி இந்தத் தளம் தடுக்கப்பட்டுள்ளது” என்று ஒரு பக்கம் தெரியும். இப்போது அது அநேகமாகத் தெரிவதில்லை. மறைகுறியாக்கம் இல்லாத காலத்தில் நடுவில் இருப்பவர் தளத்தின் பதிலுக்குப் பதிலாகத் தன் அறிவிப்பை வைத்துவிட முடிந்தது. எச்.டி.டி.பி.எஸ். வந்த பிறகு, தளத்தின் சான்றிதழ் இல்லாமல் யாரும் அதன் பெயரில் பேச முடியாது. அறிவிப்பைக் காட்ட முயன்றால் பிரவுசர் சிவப்பு எச்சரிக்கையை எழுப்பும். ஆகவே இன்றைய தடை மௌனமாக நடக்கிறது. பார்ப்பவருக்கு அது நெட் பிரச்சினை போலவே தெரிகிறது. தடுக்கப்பட்டோம் என்பதே தெரியாமல் தடுக்கப்படுவது, அறிவிப்புப் பலகையோடு தடுக்கப்படுவதைவிட மோசமானது. முறையிடுவதற்கான முதல் படியே அதில் இல்லாமல் போகிறது.

## ஒரு பக்கத்தை மட்டும் தடுக்க முடியாதா?

சேவை நிறுவனத்தால் முடியாது. பக்கத்தின் பெயர் உறைக்குள்ளே இருக்கிறது. வெளியே தெரிவது தளத்தின் பெயர் மட்டும். ஆகவே தடுத்தால் முழுத் தளம், விட்டால் முழுத் தளம்.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்தால் பார்க்கலாம். 2012 ஏப்ரலில் ஒரு திரைப்படத்தின் தயாரிப்பாளர்கள், திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் குறிப்பிடாத எதிர்மனுதாரர்களுக்கு எதிராகத் தடையுத்தரவு பெற்றார்கள். அதைக் கையில் வாங்கிய சேவை நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் என்ற வீடியோ தளங்களையும், எழுத்துப் பகிர்வுத் தளமான பேஸ்ட்பினையும் அப்படியே மூடிவிட்டன. குறும்படம் எடுப்பவர்கள் தங்கள் சொந்தப் படங்களை விமியோவில் பார்க்க முடியாமல் போயிற்று. ஜூன் 22 அன்று நீதிமன்றம், குறிப்பிட்ட பக்கங்களின் முகவரிகளை (யு.ஆர்.எல்.) மட்டுமே தடுக்க வேண்டும், முழுத் தளத்தை அல்ல என்று தெளிவுபடுத்தியது. அன்று பெரும்பாலான தளங்களில் மறைகுறியாக்கம் இல்லாததால் அந்தத் திருத்தத்தை நடைமுறைப்படுத்த முடிந்தது. முழுத் தளத்தை மூடியது சோம்பலால்தான்.

2017-இல் துருக்கியில் நடந்தது வேறு. விக்கிப்பீடியாவின் இரண்டு ஆங்கிலக் கட்டுரைகள் அந்த அரசுக்குப் பிடிக்கவில்லை. 2015-லேயே விக்கிப்பீடியா முழுவதும் எச்.டி.டி.பி.எஸ்.-க்கு மாறிவிட்டது. இரண்டு கட்டுரைகளை மட்டும் தனியே பிடிக்க வழியில்லை. கட்டுரைகளை நீக்க விக்கிப்பீடியாவும் மறுத்தது. ஏப்ரல் 29 அன்று எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும் மூடப்பட்டன. அரசியல் சாசன நீதிமன்றம் அது கருத்துரிமை மீறல் என்று தீர்ப்பளித்து, 2020 ஜனவரி 15-இல்தான் திறந்தது. இரண்டு கட்டுரைகளுக்காக ஒரு நாட்டின் மாணவர்களுக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் ஆண்டுகள் கலைக்களஞ்சியம் இல்லை.

இதனால்தான் அழுத்தம் இடம் மாறியது. கம்பியில் பிடிக்க முடியாததைக் கடிதம் பெறுபவரிடமே கேட்டு வாங்குவது எளிது. யூடியூப், ஃபேஸ்புக், எக்ஸ் போன்ற தளங்களுக்கு உத்தரவு போனால், அவர்களால் ஒரே ஒரு பதிவை, ஒரே ஒரு நாட்டில் மட்டும் மறைக்க முடியும். அன்றைய ட்விட்டர் இந்த நாட்டுவாரி மறைப்பை 2012 ஜனவரியில் அறிவித்தது. இன்று நீங்கள் “இந்தியாவில் இது கிடைக்காது” என்று பார்ப்பது பெரும்பாலும் இந்த வகை. தடை போட்டிருப்பது உங்கள் சேவை நிறுவனம் அல்ல. டி.என்.எஸ். மாற்றினால் இதற்கு ஒரு பயனும் இருக்காது. தளம் உங்களை எந்த நாட்டிலிருந்து வருபவராகப் பார்க்கிறது என்பதே இங்கே கேள்வி.

சுருக்கமாக: உறை ஒட்டப்பட்ட பிறகு சேவை நிறுவனத்தின் கையில் இருப்பது பெரிய கத்தரிக்கோல். நுண்ணிய வெட்டு வேண்டுமானால் தளத்தையே நாட வேண்டும்.

## உத்தரவு எங்கிருந்து வருகிறது?

இந்தியாவில் முதன்மையான வழி தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. 2008-இல் திருத்தமாகச் சேர்க்கப்பட்டு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, பொது ஒழுங்கு போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்காக மத்திய அரசு தடை உத்தரவு இடலாம். “எனக்குப் பிடிக்கவில்லை” என்பதோ “அவதூறு” என்பதோ அந்தப் பட்டியலில் இல்லை. கீழ்ப்படியாத நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு ஏழு ஆண்டு வரை சிறை. நீதிமன்ற உத்தரவு இரண்டாவது வழி. திருட்டுப் படத் தடைகள் பெரும்பாலும் இப்படி வருகின்றன.

2009-இன் விதிகளில் நல்ல பகுதிகளும் உண்டு. உள்ளடக்கத்தை இட்டவரை அடையாளம் காண முயன்று, பதிலளிக்கக் குறைந்தது 48 மணி நேரம் தர வேண்டும். ஒரு குழு ஆராய வேண்டும். அவசரம் என்று கருதினால் உடனே தடுத்துவிடலாம், ஆனால் 48 மணி நேரத்துக்குள் குழுவின் முன் வைத்தாக வேண்டும். 2015 மார்ச் 24-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், புண்படுத்தும் செய்திகளை இணையத்தில் அனுப்புவோரைத் தண்டிக்கும் 66ஏ பிரிவை ரத்து செய்தபோது, 69ஏ பிரிவை நிலைக்க விட்டதற்கு இந்தப் பாதுகாப்புகளும் ஒரு காரணம். 66ஏ போனதும் இணையத் தணிக்கையே போய்விட்டது என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அது தவறு.

சிக்கல் 16-ஆவது விதியில் இருக்கிறது. கோரிக்கையும் நடவடிக்கையும் கண்டிப்பாக இரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது அது. 2020 ஜூன் 29-இல் டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடுத்தபோது அரசே பட்டியலை வெளியிட்டது, அது விதிவிலக்கு. பெரும்பாலான உத்தரவுகள் எந்தப் பொதுப் பட்டியலிலும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் இந்த விதியைக் காட்டி மறுத்துவிட முடிகிறது. தன் தளம் ஏன் முடங்கியது என்று தெரியாத ஒருவர் எதை எதிர்த்து வழக்குப் போடுவார்? மௌனமான தொழில்நுட்பமும் இரகசியமான உத்தரவும் ஒன்று சேரும் இடம் இது. இந்தச் சட்டத்தில் முதலில் திருத்த வேண்டிய வரி இதுதான் என்று நினைக்கிறேன்.

## கம்பியையே அறுப்பது

மேலே சொன்ன எதுவும் இல்லாமல் ஒரு பகுதியின் இணையத்தையே நிறுத்துவது தனி வகை. எதையும் படிக்கத் தேவையில்லை, எந்தப் பட்டியலும் வேண்டாம். இங்கே வி.பி.என். உதவாது; இல்லாத சாலையில் எந்த வண்டியும் ஓடாது.

2018 மே 22-இல் தொடங்கி மொத்தம் 13 பேரின் உயிரைப் பறித்த தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. அங்கே என்ன நடக்கிறது என்று தமிழ்நாடே கேட்டுக்கொண்டிருந்த நாட்களில், பார்த்தவர்களால் எதையும் அனுப்ப முடியவில்லை. அப்போது நடப்பில் இருந்த 2017-இன் விதிகளின்படி இப்படி ஓர் உத்தரவைச் சாதாரணமாக உள்துறைச் செயலாளர்தான் இட வேண்டியிருந்தது. ஜம்மு காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் தொடங்கிய முடக்கம் தொடர்பான அனுராதா பசின் வழக்கில், 2020 ஜனவரி 10-இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையற்ற முடக்கம் கூடாது என்றது. அதே ஆண்டு நவம்பரில், ஓர் உத்தரவு 15 நாளுக்கு மேல் செல்லாது என்ற வரம்பு வந்தது. புதிதாக இன்னொரு உத்தரவு போட அது தடையில்லை.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு காஷ்மீரில் நடந்ததைத் தொழில்நுட்பம் படிப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். 2ஜி வேகத்தில், 301 அனுமதிக்கப்பட்ட தளங்களுக்கு மட்டும் இணையம் தந்தார்கள். பட்டியலில் இருந்த தளங்களே ஒழுங்காகத் திறக்கவில்லை. ஒரு வங்கித் தளத்தைத் திறந்தால் அதன் எழுத்துரு ஓரிடத்திலிருந்தும், படம் வேறிடத்திலிருந்தும், ரோபோ இல்லை என்று நிரூபிக்கும் பெட்டி மூன்றாவது இடத்திலிருந்தும் வருகிறது. அந்த இடங்களின் பெயர்கள் பட்டியலில் இல்லை. பக்கம் பாதி வந்து நிற்கும். முழு வேகம் திரும்பியது 2021 பிப்ரவரியில்.

## வி.பி.என். எதை மறைக்கிறது?

வி.பி.என். என்பது உங்கள் கருவியிலிருந்து வேறொரு நிறுவனத்தின் சர்வர் வரை போடப்படும் மறைகுறியாக்கிய பாதை. உங்கள் உறையை இன்னொரு பெரிய உறைக்குள் போட்டு அந்த நிறுவனத்துக்கு அனுப்புகிறீர்கள். அவர்கள் பிரித்து உள் உறையைச் சேர்க்கிறார்கள். சேவை நிறுவனத்துக்கு வி.பி.என். சர்வரின் முகவரி, நேரம், அளவு மட்டுமே தெரியும். டி.என்.எஸ்., ஐ.பி., எஸ்.என்.ஐ. என்ற மூன்று தடைகளையும் அது தாண்டுவது இதனால்தான். இலங்கையில் 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் ஆகிய மூன்று முறையும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது மக்கள் வி.பி.என்.-க்கு ஓடினார்கள், அது வேலையும் செய்தது.

அந்தரங்கம் என்று வரும்போது கணக்கு வேறு. சேவை நிறுவனம் பார்த்துக்கொண்டிருந்த அனைத்தையும் இப்போது வி.பி.என். நிறுவனம் பார்க்கிறது. இலவசச் செயலி என்றால், சர்வர் செலவை யார் கட்டுகிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் அதை நிறுவாதீர்கள். 2022 ஏப்ரல் 28-இல் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐ.பி. உள்ளிட்டவற்றை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. பல வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. வி.பி.என். பயன்படுத்துவதை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டம் இந்தியாவில் இல்லை. ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் அவ்வப்போது தடை உத்தரவு வந்திருக்கிறது.

நடைமுறையில் அடிக்கடி கெடுவது ஒன்று உண்டு. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும் சில விநாடிகளில் வி.பி.என். அறுந்துபோகும், செயலிகள் சத்தமில்லாமல் திறந்த பாதையில் பேசத் தொடங்கிவிடும். ஆண்ட்ராய்டில் வி.பி.என். அமைப்புக்குள் போய் ‘ஆல்வேஸ்-ஆன்’ என்பதையும், வி.பி.என். இல்லாத இணைப்பைத் தடுக்கும் அடுத்த பொத்தானையும் போட்டுவிட்டால் இது நிற்கும். வி.பி.என். போட்டுக்கொண்டு உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்தால் கூகுளுக்கு நீங்கள் யார் என்பது முன்பு போலவே தெரியும்.

பிரவுசரில் உள்ள இன்காக்னிட்டோ என்ற தனி முறையைப் பற்றி ஒரே வரி: அது உங்கள் கருவியில் வரலாற்றைச் சேமிக்காது, வெளியே செல்லும் உறையில் ஒன்றையும் மாற்றாது.

## தளம் திறக்கவில்லை: எப்படிச் சோதிப்பது?

முதலில் வேறு நிறுவனத்தின் இணைப்பில் திறந்து பாருங்கள். இரண்டிலும் திறக்காவிட்டால் வெளிநாட்டில் இருக்கும் ஒருவரைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கும் திறக்கவில்லை என்றால் தளமே விழுந்திருக்கிறது. தணிக்கை என்று பரப்ப வேண்டாம்.

உங்களிடம் மட்டும் திறக்கவில்லை என்றால் பிழைச் செய்தியின் அடியில் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். ‘என்எக்ஸ்டொமைன்’ என்று இருந்தால், அப்படி ஒரு பெயரே இல்லை என்று டி.என்.எஸ். சொல்லியிருக்கிறது, பிரைவேட் டி.என்.எஸ். போட்டதும் திறந்தால் தடை இருந்த இடம் அதுதான். நெடுநேரம் சுற்றிவிட்டு ‘டைம்டு அவுட்’ என்றால் முகவரித் தடையாக இருக்க வாய்ப்பு அதிகம். கண் சிமிட்டும் நேரத்தில் ‘கனெக்‌ஷன் ரீசெட்’ என்று வந்தால், எஸ்.என்.ஐ.-ஐப் பார்த்து முறித்திருக்கலாம். சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் டி.என்.எஸ். உங்களைத் தடை அறிவிப்பு சர்வருக்கு அனுப்பியிருக்கக்கூடும். அந்த எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போகாதீர்கள், மோசடித் தளமும் இதே எச்சரிக்கையைத்தான் எழுப்பும். ஒரே ஒரு முறை நடந்ததை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். சிக்னல் பலவீனமாக இருந்தாலும் டைம்டு அவுட் வரும். சில மணி நேர இடைவெளியில் மூன்று நான்கு முறை பார்த்து, தேதி, நேரம், நிறுவனம், பிழை ஆகியவற்றை எழுதி, திரைப்பதிவோடு தளத்தின் உரிமையாளருக்கு அனுப்புங்கள். உத்தரவின் நகல் கிடைக்காத நிலையில் நீதிமன்றத்தில் அவர் காட்டக்கூடிய சான்றுகளில் இதுவும் ஒன்று.

இதையே முறையாகச் செய்யும் இலவசச் செயலி ஊனி புரோப். ஒரு பட்டியலில் உள்ள தளங்களை உங்கள் இணைப்பிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டு, தடை எந்தப் படியில் விழுந்தது என்று பதிந்து, முடிவைப் பொதுவெளியில் வெளியிடும். ஓட்டுவதற்கு முன் அதன் அமைப்புகளில் எந்த வகைத் தளங்களைச் சோதிக்க வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தளங்களின் பெயர்கள் அனைத்தும் உங்கள் இணைப்பிலிருந்து போனதாகச் சேவை நிறுவனத்தின் பதிவில் இருக்கும். அலுவலக இணைப்பிலோ பிறர் பெயரில் எடுத்த சிம்மிலோ இதை ஓட்டாதீர்கள்.